உப்பு மழையும் கேட்போர் செவியும்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் அமையுமிடத்து இன்னின்ன செய்திகள் இடம்பெற வேண்டும் என வகுத்துக் கூறிய பவனந்தி முனிவர், ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை எண்ணுகின்றார். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்பதையும் நன்னூலே தெரிவிக்கின்றது. இப்பட்டியலில் ‘கேட்போர்’ இடம்பெற்றிருப்பது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. நூலைக் கேட்டற்கு உரியவர் யாவர் என்பதே அச்சொல்லின் பொருள். ஆக்கியவன் யார் என அறிவது எவ்வளவு இன்றியமையாததோ, கேட்பவர் யார் என அறிவதும் அவ்வளவு இன்றியமையாதது என நம் முன்னோர் கருதினர்.

நூலுக்குப் பொருந்தும் இவ்வரையறை இசைக்கும் பொருந்தும் எனக் கொண்டு, 2001ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்து வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பை ஈண்டு ஆராய விழைகின்றோம். அதன் பெயர் ‘சால்ட் ரெய்ன்’. ‘உப்பு மழை’ எனத் தமிழில் கூறலாம். பாடியவர் சுசீலா ராமன் என்னும் தமிழ்ப் பெண்மணி. கடல் கடந்து வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், மும்பைத் தமிழர் மலரொன்றில் ஆராய்வானேன் என்னும் வினா எழலாம். மேலைநாட்டார் அதனைப் புகழ்ந்தனர். நாம் அறிந்த சபை இரசிகர் பலரோ அதனை ஐயத்தோடு நோக்கினர். இவ்விரு தீர்ப்புகளும் அரைச்செவியால் கேட்டு வழங்கியவை என்பது நம் துணிபு. முழுச்செவியால் கேட்கும் வாய்ப்புடையவர், பிறந்த மண்ணையும் பிழைக்கவந்த மண்ணையும் ஒருங்கே சுமந்து வாழும் நம் போன்ற குடும்பத்தினரே. அவ்வாய்ப்பை நாம் பயன்படுத்தினோமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆக்கியோனும் வழியும்

சுசீலா ராமன் 1973ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் தஞ்சை மண்ணைச் சேர்ந்தவர்கள். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தது. வீட்டில் கருநாடக இசைப் பயிற்சி. இளவயதிலேயே மேடையேறிப் பாடினார். பின்னர்ப் பதின்பருவத்தில் சிட்னி நகரில் தமக்கென ஒரு ராக் இசைக்குழுவை அமைத்துக்கொண்டார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், ஜாஸ் ஆகிய இசைவகைகளிலும் அவர் நாட்டம் சென்றது. 1995இல் இந்தியாவுக்கு வந்து, மராட்டியக் குடும்பத்தில் பிறந்த இந்துஸ்தானி இசைவாணி சுருதி சடோலிகரிடம் பயின்றார். 1997இல் இலண்டன் திரும்பிக் கித்தார் கலைஞர் சாம் மில்ஸுடன் இணைந்து பணியாற்றலானார். பின்னாளில் இவர் வாழ்க்கைத்துணையும் ஆன அந்த மில்ஸ், வங்கத்து பாவுல் பாடகர் பபன் தாஸுடன் சேர்ந்து ‘ரியல் சுகர்’ என்னும் தொகுப்பை 1997இல் அளித்தவர். ஓர் இந்திய நாட்டுப்பாடகனின் குரலுக்கருகே கித்தார் எவ்வளவு அடக்கமாக அமர வேண்டும் என்பதை அவர் முன்னரே கற்றிருந்தார்.

இவ்வரலாற்றின் முற்பகுதி நமக்குப் புதிதன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் இது நாள்தோறும் நிகழ்வது. ஊரைவிட்டு வரும்போது தந்தை பெட்டியில் துணிமணிகளோடு ஒரு சுருதிப்பெட்டியையும் கொணர்கின்றார். குழந்தைக்கு ஆறு வயதானதும் பாட்டு வகுப்பு. சரளிவரிசை, அலங்காரம், கீதம், வருணம். பத்தாம் வகுப்பு நெருங்கியதும் வகுப்பு நின்றுவிடுகின்றது. செவியில் வேறு இசை ஏறிவிடுகின்றது. பெற்றோர் வருந்துகின்றனர்; பிள்ளைகள் விலகுகின்றனர். சுசீலா ராமனின் கதையில் புதுமை யாதெனில், விலகிச் சென்றவர் திரும்பி வந்தார் என்பதே. ஆனால் பெற்றோர் விட்டுச்சென்ற வாயில் வழியே அவர் வரவில்லை. தாமே திறந்துகொண்ட வேறொரு வாயில் வழியே வந்தார். அதனாலேயே வீட்டினர் பலரால் அவரை அடையாளம் காண இயலவில்லை.

நூற்பெயரும் யாப்பும்

கடல்நீர் ஆவியாகி முகிலாகும்போது உப்பைக் கடலிலேயே விட்டுச் செல்கின்றது. மழை இனிப்பதற்கு அதுவே காரணம். ‘உப்பு மழை’ என்பது இயற்கைக்கு மாறான தொடர். கடல் கடந்து வாழ்பவரின் நெஞ்சிலிருந்து பொழியும் மழை மட்டும் தன் உப்பை விட்டுவிட்டு வருவதில்லை என நாம் அத்தொடருக்குப் பொருள் கொள்கின்றோம். கண்ணீரும் கரிப்பதுதானே!

இத்தொகுப்பில் மூவகைப் பாடல்கள் கலந்துள்ளன. முதல்வகை, தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் முதலியோர் மரபில் வந்த கீர்த்தனைகள். இரண்டாம் வகை, சுசீலா ராமனும் மில்ஸும் இயற்றிய ஆங்கிலப் பாடல்கள். தொகுப்பின் தலைப்புப் பாடல் இவ்வகையினது. மூன்றாம் வகை, பிறர் பாடிப் புகழ்பெற்ற மேலைப் பாடல்கள். அமெரிக்க நாட்டார்பாணிப் பாடகர் டிம் பக்லியின் ‘சாங் டு த சைரன்’ அவற்றுள் ஒன்று. கித்தாரும் தபலாவும் ஆப்பிரிக்கத் தாளக்கருவிகளும் அருகருகே ஒலிக்கின்றன.

கீர்த்தனைகளை இவர் கையாளும் முறையைச் சற்று உற்று நோக்குவோம். கச்சேரி மேடையில் ஒரு கீர்த்தனை பல்லவியில் தொடங்கிச் சங்கதி சங்கதியாக ஏறுகின்றது. ஒவ்வொரு சங்கதியும் முந்தியதன்மேல் ஒரு படி. பின்னர் அனுபல்லவி, சரணம். இடம் வாய்ப்பின் நிரவல், கற்பனை சுரம். இது கோபுரம் கட்டும் முறை. ‘உப்பு மழை’யில் இம்முறை இல்லை. கித்தார் ஒரு சிறு இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப மீட்டுகின்றது. தாளம் அதனைச் சுற்றி வருகின்றது. தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல் அச்சுழலுக்குள் இறங்குகின்றது. மேலேறுவதற்கு மாறாக ஆழ இறங்கும் இதனைக் கிணறு தோண்டும் முறை எனலாம்.

இம்முறையால் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. சங்கதிகள் குன்றுவதால் இராகத்தின் முழு உருவம் நம் கண்முன் எழுவதில்லை. சில இடங்களில் சாகித்தியச் சொற்கள் தாளவொலியில் அமிழ்ந்து வெறும் உயிரோசையாக எஞ்சுகின்றன. இவை குறைகளே, மறைப்பதற்கில்லை. பேறு யாதெனில், பாடல் நம் காதருகே வந்துவிடுகின்றது. ‘நகுமோமு’ என்னும் தியாகராசர் கீர்த்தனையை எண்ணிப் பாருங்கள். இராமனின் முறுவல் பூத்த முகத்தைக் காணாமல் வாடும் அடியவன், என் நிலை அறிந்தும் வாராதிருப்பதேன் என முறையிடும் பாடல் அது. ஆயிரவர் அமர்ந்த அரங்கில் பாடும்போது அம்முறையீடு வித்தையாக மலர்கின்றது. தாழ்ந்த குரலில், ஒற்றைக் கித்தாரின் துணையோடு பாடும்போது, தொலைவிலுள்ள ஒரு முகத்துக்காக நள்ளிரவில் விழித்திருக்கும் ஒருத்தியின் முறையீடாக அது மாறுகின்றது. ஊரில் தாயை விட்டுவந்த எவர்க்கும் இது விளங்கும்.

இலண்டன் கேட்டது

ஆண்டின் சிறந்த பிரித்தானிய, அயர்லாந்து இசைத்தொகுப்புக்கு வழங்கப்பெறும் மெர்க்குரி பரிசு 1992இல் தொடங்கப்பெற்றது. 2001ஆம் ஆண்டில் அப்பரிசுக்கெனத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு தொகுப்புகளுள் ‘உப்பு மழை’யும் ஒன்று. உலகப் புகழ்பெற்ற ரேடியோஹெட் குழுவின் தொகுப்பும் அப்பட்டியலில் இருந்தது என்றால் அதன் பெருமை விளங்கும். பரிசு பி. ஜே. ஹார்வி என்னும் பாடகியைச் சேர்ந்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1999இல், தபலாக் கலைஞர் தல்வின் சிங் அப்பரிசை வென்றிருந்தார். நான்காண்டு கழித்து, 2005இல், ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மாயா அருள்பிரகாசம் தம் தந்தையின் புனைபெயரைத் தாங்கிய ‘அருளர்’ தொகுப்போடு அதே பட்டியலில் இடம்பெற்றார். புலம்பெயர்ந்தோர் மக்களின் குரல்கள் இலண்டன் இசையின் நடுவே ஒலிக்கத் தொடங்கிய காலம் அது. 2002இல் பி.பி.சி. வானொலி மூன்றாம் அலைவரிசை, உலக இசைக்கான தன் விருது வரிசையில் சிறந்த புதுமுகம் என்னும் விருதைச் சுசீலா ராமனுக்கு வழங்கியது.

இப்புகழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ‘உலக இசை’ என்னும் பெயர் எங்ஙனம் பிறந்தது என்பதை நினைவுகூர்தல் நலம். 1987இல் இலண்டன் மதுச்சாலை ஒன்றில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடினர். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரும் இசைத்தட்டுகளைக் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பது எனத் தெரியாமல் இடர்ப்பட்டனர். அவ்விடரைத் தீர்க்க ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. அப்பெயரே ‘உலக இசை’. கடையடுக்கின் பலகையாகப் பிறந்த அப்பெயர் நாளடைவில் திறனாய்வாளரின் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. இதன் விளைவாகச் சுசீலா ராமனின் குரற்கவர்ச்சியும் கீழைநாட்டு மறைபொருள் மணமும் பெரிதும் பேசப்பட்டன. அவர் பாடிய கீர்த்தனை யாருடையது, அதன் சொற்கள் யாவை, அவர் ஏன் அதனைத் தேர்ந்தார் என்பன அவ்வளவு பேசப்படவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை. 1965ஆம் ஆண்டு சூலை மாதம், அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் பாப் டிலன் மின்கித்தாருடன் மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். நாட்டார் பாடலும் ராக் இசையும் மணந்த வரலாற்றில் அந்நாள் ஒரு மைல்கல். அன்று எதிர்த்தவர்கள் அப்பாடல் மரபை நன்கு அறிந்தவர்கள். தம்முடையது பறிபோகின்றதே என்னும் பதைப்பால் கூச்சலிட்டனர். இலண்டனில் 2001இல் புகழ்ந்தவர்களுக்கோ பறிபோவதற்கென எதுவுமில்லை. கீர்த்தனை எப்படி இருக்க வேண்டும் என்னும் எண்ணமே அவர்களுக்கு இல்லாததால், அது எப்படி மாறியது என்பதும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. அறிந்தவர் சினமும் அறியாதவர் புகழும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல. சினத்தில் உரிமை உண்டு; அவ்வுரிமை தவறாகப் பயன்படும்போதும் அது உரிமையே.

மாதுங்காவும் செம்பூரும்

இனி நம் வீடுகளுக்கு வருவோம். இக்கட்டுரையை எழுத முற்பட்டபோது, தனியே அமர்ந்து கேட்டு எழுதுவது போதாதெனக் கருதி, அறிந்த சில இல்லங்களில் இப்பாடல்களை ஒலிக்கச்செய்து உடனமர்ந்து கேட்டோம்.

மாதுங்காவில் நாம் கண்ட பெரியவர், சண்முகானந்த அரங்கின் கச்சேரிகளைப் பன்னெடுங்காலமாகக் கேட்டுத் தேர்ந்தவர். ‘நகுமோமு’ தொடங்கியதும் அவர் வலக்கை தானாகவே தொடையில் தாளமிட்டது. ஓரிரு நிமிடங்களில் அக்கை நின்றுவிட்டது. பாடல் முடியும்வரை கண்மூடியிருந்தார். பின்னர், “பாவம் இருக்கிறது, பாடாந்தரம் இல்லையே!” என்றார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. குருவின் வாய்வழிக் கேட்டு வழிவழியாகக் காத்துவந்த வடிவம் இதில் இல்லை என்பது குற்றச்சாட்டு. நாம் மேலே எடுத்துக்காட்டிய குறையையே அவர் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார். அச்சொல்லை நாம் எள்ளமாட்டோம். பாடாந்தரம் காத்த பெரியோர் இல்லையெனில் சுசீலா ராமனுக்குப் பாடுவதற்கே கீர்த்தனை எஞ்சியிராது.

“கித்தார் வைத்துக்கொண்டா தீட்சிதரைப் பாடுவது?” என்று அவர் தொடர்ந்து வினவியபோது மட்டும் நாம் பணிவோடு மறுமொழி கூறினோம். ஆங்கிலேயர் பாண்டு வாத்தியங்களில் வாசித்த மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்து, நொட்டுசுரப் பாடல்களை ஆக்கியவர் அதே முத்துசுவாமி தீட்சிதர். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேலைநாட்டுப் பிடிலைக் கற்று நம் இசைக்கு ஏற்றதாக்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்க இயலுமா? ஆகவே கருவி அயலது என்பது குற்றமாகாது. அக்கருவி பாட்டுக்குள் கரைந்ததா என்பதே வினா. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “பிடில் கரைய நூறு வருஷம் ஆச்சு. இது கரைகிறதா பார்க்க நான் இருக்கமாட்டேன், நீங்கள் பாருங்கள்” என்றார். அதில் கசப்பில்லை, ஒரு பொறுப்பை ஒப்படைக்கும் குரல் இருந்தது.

செம்பூர் இல்லத்தில் நிகழ்ந்தது வேறு. தாய், கருநாடக இசையைப் பிறர்க்குப் பயிற்றுவிப்பவர். மகள் எட்டாண்டு பயின்று விட்டுவிட்டவள். இப்போது கல்லூரியில் பயில்கின்றாள். அவ்வீட்டில் பாட்டு என்பது சில ஆண்டுகளாகவே பேசப்படாத பொருள். தலைப்புப் பாடல் ஒலித்தபோது மகள் அறைவாயிலில் வந்து நின்றாள். ‘நகுமோமு’ ஒலித்தபோது உள்ளே வந்து அமர்ந்தாள். பாடல் முடிந்ததும் அவள் கேட்டது ஒரே வினா: “அம்மா, இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?”

தாயின் முகத்தில் தோன்றிய தடுமாற்றத்தை நாம் மறக்கவியலாது. முப்பது ஆண்டுகளாக அக்கீர்த்தனையைப் பாடியும் பயிற்றுவித்தும் வந்தவர் அவர். பல்லவியின் பொருளைக் கூறினார், சரணத்தில் நின்றுவிட்டார். தெலுங்குச் சொற்கள் நாவில் உண்டு, உள்ளத்தில் இல்லை. தாயும் மகளும் ஒரு பொருளுரை நூலைத் தேடியெடுத்து வரிவரியாகப் படிக்கத் தொடங்கினர். நாம் விடைபெறும்போதும் அவர்கள் படித்துக்கொண்டேயிருந்தனர்.

இச்சிறு நிகழ்ச்சி நமக்கு ஒன்றை உணர்த்திற்று. சொற்பொருள் அறியாது குரலை மட்டும் வியந்தனர் என இலண்டன் திறனாய்வாளரை நாம் குறைகூறினோம். அதே குறை நம் வீட்டிலும் உண்டு. பொருளுணர்ந்து கேட்கும் உரிமைக்காகவே தமிழிசை இயக்கம் தோன்றிற்று. 1943இல் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அவ்வியக்கம் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை. எட்டாண்டு வகுப்பில் எழாத ‘பொருள் யாது?’ என்னும் வினாவை, வரம்பு மீறியதெனக் கருதப்பட்ட ஓர் இசைத்தொகுப்பு ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டது. முறையாகப் பாடிய பாட்டு அப்பெண்ணுக்குத் தேர்வாக இருந்தது. முறை பிறழ்ந்த பாட்டு அவளுக்குப் பேச்சாக ஆயிற்று.

தாராவி கேட்ட ‘வேல்’

தாராவியில் நாம் ஒலிக்கச்செய்தது ‘உப்பு மழை’ அன்று. அதன் வழியே பத்தாண்டு நடந்து சுசீலா ராமன் அடைந்த வேறொரு தொகுப்பு. இடையில், 2003இல் ‘லவ் டிராப்’ வெளிவந்தது. முகேஷ் ‘யகூதி’ (1958) திரைப்படத்துக்காகப் பாடிய பழைய இந்திப் பாடலை அதில் இவர் புதுக்கோலத்தில் பாடினார். இவ்விசைவாணியின் குரல், மீரா நாயர் இயக்கிய ‘த நேம்சேக்’ என்னும் திரைப்படத்திலும் ஒலித்தது. அதுவும் புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் கதையே. 2005இல் ‘மியூசிக் ஃபார் குரோகடைல்ஸ்’. அதன் ஒரு பகுதி சென்னையில் பதிவாயிற்று. 2011இல் ‘வேல்’. கோவை கமலா பாடிவந்த முருகன் பாடல்களில் ஈடுபட்டு, அவரிடம் கேட்டுக் கற்று, ‘பால்’, ‘என்னப்பனே’ முதலிய தமிழ்ப் பாடல்களை அத்தொகுப்பில் சுசீலா ராமன் பாடினார். இராசத்தானத்து நாட்டுப்புறக் கலைஞரும் உடன் இசைத்தனர். தியாகராசரிலும் தீட்சிதரிலும் தொடங்கியவர், காவடி தூக்குவோரின் பாட்டுக்கு வந்துசேர்ந்தார்.

தாராவித் தமிழரில் நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர் மிகப் பலர். காவடிச் சிந்துக்குப் புகழ்தேடித் தந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பிறந்த சீமை அது. நாம் சந்தித்தவர் பகலில் தோல் பட்டறையில் பணிபுரிபவர்; திருவிழாக் காலங்களில் உறுமி அடிப்பவர். ‘பால்’ மெல்லத் தொடங்கி விரைவு கூடி எழுந்தபோது அவர் கால் தரையில் நிலைகொள்ளவில்லை. மாதுங்காப் பெரியவரின் கை நின்ற இடத்தை நினைத்துக்கொண்டோம். பாடல் முடிந்ததும் அவர் சிரித்தார். “பாட்டு நம்ம பாட்டுதாங்கய்யா. உடுப்புதான் வேற” என்றார்.

இவ்வாறு எளிதில் கூறிவிட்டவர், சிறிது நேரத்துக்குப் பின் சிரிப்பை விட்டு வினவினார்: “இதையே எங்க ஆளுங்க வருசா வருசம் ரோட்டுல பாடுறாங்க. அப்பல்லாம் இவ்வளவு பேரு ஏன் கேக்கல?”

இவ்வினாவுக்கு எந்தத் திறனாய்வாளரும் விடை கூறியாக வேண்டும். இலண்டன் மேடையில் ஒலித்த பின்னரே தெருப்பாட்டு இசையென ஒப்புக்கொள்ளப்படுமாயின், அவ்வொப்புதல் பாட்டுக்குரியதா, மேடைக்குரியதா? சுசீலா ராமனைக் குறைகூறும் வினா அன்று இது. தாம் கற்றது கோவை கமலாவிடம் என அவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். வினா நம்மை நோக்கியது. மாதுங்காவின் சபை மேடைக்கும் தாராவித் தெருவுக்கும் இடையே உள்ள தொலைவு நடந்து செல்லும் தொலைவே. அத்தொலைவை நாம் எத்தனை முறை நடந்தோம்? காவடிப் பாட்டுக் கலைஞரை நம் சங்க விழாக்களின் முதல் வரிசையில் எத்தனை முறை அமர்த்தினோம்?

தாராவி இளைஞர் நமக்காகக் காத்திருக்கவும் இல்லை. 2018இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில், தாராவியின் ‘டோப்படெலிக்ஸ்’ குழுவினர் தம் சொல்லிசையோடு இடம்பெற்றனர். மேலைச் சொல்லிசைக்குள் தம் தெருவின் தமிழை அவர்கள் வைத்தனர். சுசீலா ராமன் கித்தாருக்குள் முருகன் பாட்டை வைத்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பிறந்த வீட்டின் சொல்லும் புகுந்த ஊரின் தாளமும் ஒரே நெஞ்சில் குடியிருக்குமாயின், அந்நெஞ்சு பாடும்போது இரண்டும் சேர்ந்தே வெளிவரும்.

நாம் செய்த பிழை

பிறரைத் திறனாயும் நாம் நம்மைத் திறனாயாது விடுதல் அறமன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, தோளில் கித்தாருடன் மேடைக்கு வந்தாள். தேவாரப் பதிகமொன்றைத் தானே மீட்டிப் பாடினாள். பண் சில இடங்களில் பிசகிற்று, குரல் நடுங்கிற்று, ஆயினும் அரங்கு அமைதியாயிற்று. மதிப்பெண் தாளில் ‘பக்கவாத்தியம் முறையன்று’ என எழுதி, அவளைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டோம். அவ்வாறு எழுதிய கை நம்முடையது. மற்ற இருவரும் நம் சொல்லை ஏற்றனர்.

அச்சிறுமி அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. பின்னொரு நாள் அவள் தந்தையை மின்தொடர்வண்டியில் கண்டு நலம் வினவினோம். மகள் வெளிநாட்டில் நல்ல பணியில் இருப்பதாகக் கூறினார். “பாடுகிறாளா?” என்றோம். “இல்லீங்க, அதெல்லாம் அப்பவே விட்டுட்டா” என்றார். நிலையம் வந்தது, அவர் இறங்கிவிட்டார். நீக்கியவர் நாம்தாம் என அவர் அறிந்திருந்தாரா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

‘உப்பு மழை’யைக் கேட்கும்போதெல்லாம் அச்சிறுமியின் நினைவு எழுகின்றது. சுசீலா ராமன் திரும்பி வந்தவர். ஆதலின் உலகம் அவரை அறியும். திரும்பி வராதவர் எத்தனை பேர் என்பதை எந்தப் பரிசுப் பட்டியலும் கூறாது.

பயன்

முடிவாகக் கூறுவது இதுவே. ‘உப்பு மழை’ குறையற்ற படைப்பு அன்று. இராகத்தின் விரிவை விரும்புவோர்க்கு அது முழுநிறைவு தாராது. சொல்லின் தெளிவை நாடுவோர் சில இடங்களில் ஏமாற்றமடைவர். ஆயினும் கீர்த்தனையும் ஆங்கிலப் பாடலும் அருகருகே நின்று ஒரே ஏக்கத்தைப் பேசும் இடங்களில், புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் முழு நெஞ்சம் அதில் ஒலிக்கின்றது. இலண்டன் கீர்த்தனைகளின் நறுமணத்தை மட்டும் நுகர்ந்தது. சபை இரசிகர் அவற்றின் இலக்கணத்தை மட்டும் அளந்தனர். இரு சாராரும் இருவகைப் பாடல்களையும் சேர்த்துக் கேட்கவில்லை. சேர்த்துக் கேட்டாலன்றி ‘நகுமோமு’வின் ஏக்கமும் தலைப்புப் பாடலின் உப்பும் ஒன்றே என்பது விளங்காது.

செம்பூர் செடா நகரிலுள்ள முருகன் திருக்கோயிலின் படிகளில் மாதுங்காப் பெரியவரும் ஏறுகின்றார். செம்பூர்த் தாயும் மகளும் ஏறுகின்றனர். தாராவி உறுமிக் கலைஞரும் ஏறுகின்றார். தெய்வத்தின் முன்னே ஒருங்கு நிற்கும் இவர்கள், பாட்டின் முன்னே மட்டும் தனித்தனியே நிற்கின்றனர். ஒருவரிடம் பாடாந்தரம் உண்டு. ஒருவரிடம் பொருள் தேடும் வேட்கை உண்டு. ஒருவரிடம் தாளம் உடலிலேயே உண்டு. இம்மூவரும் ஓரிடத்தில் அமர்ந்து கேட்பின், நன்னூலார் கூறிய ‘கேட்போர்’ என்னும் சொல் நம்மிடையே முழுப்பொருள் பெறும்.

இம்மலரைக் கையிலேந்தும் பெற்றோருக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் மகனோ மகளோ மூடிய அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு எது என ஒருநாள் கதவைத் தட்டிக் கேளுங்கள். அவர்களருகே அமர்ந்து அதனை இறுதிவரை கேளுங்கள். பின்னர் நீங்கள் விரும்பும் பாட்டொன்றை அவர்களுக்குப் பாடிக் காட்டி, அதன் பொருளையும் கூறுங்கள். பொருள் தெரியாவிடின் இருவரும் சேர்ந்தே தேடுங்கள். மதிப்பெண் இடவேண்டாம். அப்பணியை நாம் செய்து பார்த்துவிட்டோம். அதனால் விளைந்தது என்ன என்பதை மேலே எழுதியுள்ளோம்.